வாந்திக்கு நிற்காத வண்டி

— கதவைத் திறக்கப் போறீங்களா இல்லையா அண்ணே?

— உள்ள ஆள் இருக்கு.

— அது தெரியும். காலையில இருந்து ஒரே ஆள்தான் இருக்காருன்னு அண்ணி சொன்னாங்க. பாத்ரூமுக்குத் தனியா வாடகை குடுக்கிறீங்களா?

— யாரு, கண்டக்டரா? உனக்கு டூட்டி இல்லையாடா இன்னைக்கு?

— லீவு போட்டுட்டேன்.

— எதுக்கு?

— டிரைவர் ஒருத்தரு நாளைக்கு ஊசிக்குப் போக மாட்டேன்னு பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு அழிச்சாட்டியம் பண்றாருன்னு போன் வந்துச்சு. வேடிக்கை பாக்கலாம்னு வந்தேன்.

— இவளுக்கு இதே வேலை. ஊரைக் கூட்டுறதுக்குன்னே போன் வாங்கிக் குடுத்தேன் பாரு. ஒரு நிமிஷம் இரு.

— இருக்கேன்.

— ...

— முடிஞ்சுதா?

— ம்.

— எவ்வளவு?

— அளந்து பாத்து டிக்கெட் கிழிக்கப் போறியா?

— இல்லண்ணே. வெறும் தண்ணியா, சாப்பாடும் சேர்ந்து வருதான்னு கேட்டேன்.

— நேத்துச் சாப்பிட்டது நேத்தே போயிடுச்சு. இப்ப வர்றதெல்லாம் போன வருஷம் சாப்பிட்டது.

— ஊசியே நாளைக்குத்தானே. இன்னைக்கே ஏன் வருது?

— அதான்டா எனக்கும் புரியல. நாளைக்கு ஆஸ்பத்திரின்னு அவ காலையில ஞாபகப்படுத்தினா. அவ்வளவுதான். இன்ஜினே ஆஃப்ல இருக்கு, வண்டி தானா உருள ஆரம்பிச்சுடுச்சு. அந்த வார்டுக் கதவைத் திறந்தா ஒரு லோஷன் வாடை அடிக்கும் பாரு, அது வீட்டுக்கே நடந்து வந்துடுது.

— தம்பி, அவரு சொல்றதை மட்டும் கேக்காதீங்க, நான் சொல்றதையும் கேளுங்க. இந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாது. வெங்காயம் வதக்கினா வாந்தி. காபி போட்டா வாந்தி. நான் மாடி வீட்டுக்காரங்க அடுப்புல சமைச்சு, மூடி எடுத்துட்டு வந்து, மொட்டை மாடியில உட்கார்ந்து சாப்பிடுறேன். நேத்துக் குளிச்சுட்டு வந்து பக்கத்துல நின்னேன், அதுக்கும் வாந்தி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பினது உண்டு, முறைச்சது உண்டு. வாந்தி எடுத்தது இதான் முதல் தடவை.

— உன்னைப் பாத்து இல்லடி. உன் சோப்பு வாடைக்கு.

— அந்த சோப்பு என் மேலதானே இருந்துச்சு.

— அண்ணி, நீங்க போய்க் கொஞ்சம் உட்காருங்க. நான் பேசிக்கிறேன்.

— பேசுங்க தம்பி. கட்டி பாதி கரைஞ்சிருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. இன்னும் மூணு ஊசி போட்டா முழுசாப் போயிடும்கிறாரு. இப்பப் போய் விட்டா... நான் பக்கத்து ரூம்ல இருக்கேன்.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க. அழுறாங்க.

— தெரியும். அது காதுல விழக்கூடாதுன்னுதான் குழாயைத் திறந்து விட்டிருக்கேன். அப்பவும் விழுது.

— அப்ப நாளைக்குப் போயிட்டு வந்துடலாம்ல.

— மாட்டேன். கரைஞ்ச வரைக்கும் போதும். மிச்சம் இருந்தா அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும், இடம் இல்லாமலா போச்சு. மூணு தடவை பட்டாச்சு. இன்னும் மூணு தடவை இந்தக் கண்றாவி என்னால ஆகாது.

— வலிக்குதா?

— வலின்னா பல்லைக் கடிச்சுட்டு இருந்துருவேன்டா. முதுகு வலியோடயே காலம் பூரா ஸ்டியரிங் பிடிச்சவன். இது வலி இல்ல, மானக்கேடு. வாளி முன்னாடி முட்டி போட்டு, மூக்குல ஒழுகி, கண்ணுல தண்ணி ஊத்தி, நடுவுல அவ வந்து முதுகைத் தடவி விடுறா. கைக்குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி.

— நம்ம மலை ரூட்டுல தினமும் எத்தனை பேர் வாந்தி எடுக்கிறாங்க. அவங்க எல்லாம் மானம் போயி தூக்குல தொங்கிட்டாங்களா?

— அவங்க பயணிங்க. நான் டிரைவர். ஸ்டியரிங் கையில இருக்கிறவனுக்கு வாந்தியே வராது. எந்த வளைவுல எவ்வளவு ஒடிக்கணும்னு அவன் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். அங்க என்னை ஒரு நாற்காலியில சாய்ச்சு உட்கார வெச்சு, கையில குழாயைச் சொருகிடுறாங்க. வண்டியை எவனோ ஓட்டுறான். எங்க போகுது, எப்ப திரும்பும், ஒண்ணும் தெரியல. நான் பின்னாடி சீட்டுல.

— பின்னாடி சீட்டுக்காரங்க கஷ்டம் இப்பவாவது தெரிஞ்சுதா?

— குத்திக் காட்டுறியா?

— காட்டாம? ஒரு அம்மா 'கொஞ்சம் நிறுத்துப்பா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நீங்க கண்ணாடியில பாத்து ஒரு வார்த்தை சொன்னீங்க.

— என்ன சொன்னேன்?

— 'முழுங்கு'ன்னீங்க.

— அப்படியா சொன்னேன்?

— பஸ் பூரா கேக்குற மாதிரி.

— நிறுத்த ஆரம்பிச்சா வளைவுக்கு வளைவு நிறுத்தணும்டா. மேல போய்ச் சேர மறுநாள் ஆயிடும். ... அந்தம்மா வயிறெரிஞ்சு ஏதாவது சொல்லியிருக்குமோ?

— அவங்க ஒண்ணும் சொல்லல. முழுங்கவும் இல்ல. பின் படிக்கட்டை நான்தான் கழுவினேன். சரி, மாத்திரை போடுறீங்களா?

— போடுறேன். வாந்தி வந்த உடனே போட்டுடுறேன்.

— வந்த பிறகு போட்டா அதுவும் சேர்ந்துல்ல வெளிய வரும். டாக்டரு எப்பப் போடச் சொன்னாரு?

— முன்னாடியே போடச் சொன்னாரு.

— அப்புறம்?

— வராத வாந்திக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுட்டு உட்கார நான் என்ன பயந்தாங்கொள்ளியா?

— ரைட்டு. வாந்தி அடங்கவே இல்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

— கேட்டாரு.

— என்ன சொன்னீங்க?

— பக்கத்துல ஒரு நர்ஸு நின்னுட்டு இருந்துச்சு. சின்னப் பொண்ணு.

— நிக்கட்டும். என்ன சொன்னீங்க?

— 'லேசா ஒரு கிறுகிறுப்பு, வேற ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னேன்.

— ஒவ்வொரு தடவையுமா?

— போன தடவை 'அதுவும் இல்ல'ன்னு சொல்லிட்டேன்.

— அண்ணே, பிரேக் பிடிக்காத வண்டியை ஷெட்டுல விட்டுட்டு, 'லேசா சத்தம் வருது, வேற ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிட்டு வருவீங்களா?

— பிரேக் வேற, இது வேற.

— என்ன வேற? நல்லா இருக்குன்னு டிரைவரே சொன்னா மெக்கானிக் எதுக்குக் கையை வைக்கப் போறான்? ஒரு மருந்து கேக்கலைன்னா வேற மருந்து இருக்கும். நீங்க வாயைத் திறந்தாத்தானே அவரு மாத்துவாரு. நீங்க வாளிகிட்ட மட்டும்தான் வாயைத் திறக்கிறீங்க.

— உனக்கென்ன, வெளிய உட்கார்ந்து விசில் ஊதுற. எதுல உட்கார்ந்திருக்க?

— துணி ஊற வைக்கிற வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கேன்.

— அதைக் குடு. இங்க இருக்கிறது நிறைஞ்சுடுச்சு.

— நிஜமாவா?

— இல்லடா. சும்மா சொன்னேன்.

— கதவுக்கு அடியில ஒண்ணு தள்ளுறேன், எடுத்துக்குங்க.

— என்னது இது?

— எலுமிச்சைத் தோல். நகத்தால கீறி மோந்து பாருங்க.

— ... ம். தேவலாம் போல இருக்கு.

— தரையில படுத்துடாதீங்க. சுவத்துல சாஞ்சு உட்காருங்க. அசையாத பொருள் ஏதாவது ஒண்ணு மேல கண்ணை வைங்க. குழாய் பைப்பு இருக்குல்ல, அதைப் பாருங்க. தண்ணியை மடமடன்னு குடிக்காதீங்க. பிளாஸ்க்குல ஐஸ் கட்டி கொண்டு வந்திருக்கேன், வெளிய வந்ததும் ஒண்ணு எடுத்து வாயில ஒதுக்கிக்கலாம். உப்பு பிஸ்கட்டு அரை கடி கடிச்சா வயிறு கொஞ்சம் நிக்கும். வயித்தைக் காயப் போட்டா இன்னும் மோசமா வரும். சோறு ஆறிப் போன பிறகு சாப்பிடுங்க, சூடுதான் வாடையைத் தூக்கிட்டு வரும்.

— வாயில பழைய சாவியைப் போட்டு வெச்ச மாதிரி ஒரு ருசி இருக்குடா, எதைத் தின்னாலும்.

— எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கிப் போடுங்க. பிளாஸ்டிக் ஸ்பூன்ல சாப்பிட்டுப் பாருங்க. இது மட்டும் எனக்குத் தெரியாது, வர்ற வழியில மருந்துக் கடைக்காரர் சொன்னாரு.

— இது மட்டும்னா? மத்ததெல்லாம் உனக்கு யார் சொன்னது?

— இத்தனை வருஷம் பஸ்ஸுல பாக்குறேன்ல, பயணிங்களை.

— எந்தப் பயணிடா பிளாஸ்க்குல ஐஸ் கட்டியோட ஏறினான்? வயித்தைக் காயப் போட்டா மோசமா வரும்னு, வெளிய நின்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்? டேய், உன்னைத்தான்.

— கதவைத் திறங்க, சொல்றேன்.

— சொல்லு, திறக்கிறேன்.

— சிரிப்பீங்க.

— சிரிச்சா வயிறு இழுக்குது. சிரிக்க மாட்டேன், சொல்லு.

— மேல ஸ்டாண்டுல வண்டி போய் நின்னதும் நான் தையல் கடைக்குப் பின்னாடி போவேன்ல.

— தையக்காரியைப் பாக்க. ஊருக்கே தெரியுமே.

— ஊருக்குச் சொன்னதே நீங்கதானே.

— நான் உன் அண்ணிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— அண்ணி என் பொண்டாட்டிகிட்ட மட்டும்தான் சொன்னாங்க.

— அதான் அவ ஒரு மாசம் உன்கிட்டப் பேசாம இருந்தாளே. நல்லா வேணும்னு நினைச்சேன்.

— அந்தக் கடைக்குப் பின்னாடி ஒரு சாக்கடை இருக்குண்ணே.

— இருக்கட்டும்.

— நான் போனது அதைப் பாக்க.

— சாக்கடையைப் போய் எவனாவது... டேய்.

— ஆமா.

— தினமுமா?

— ஏறினா ஒண்ணு. இறங்கினா ஒண்ணு. மழை வந்து ஷட்டரை எல்லாம் இறக்கிட்டாங்கன்னா நடுவுலயும் ஒண்ணு.

— அப்ப கொண்டை ஊசி வளைவுல நீ இறங்கி, பின்பக்கமா ஓடி, 'வரலாம் வரலாம்'னு சைடு பாப்பியே, அது?

— ரெண்டு 'வரலாம்'க்கு நடுவுல கொஞ்ச நேரம் சத்தம் வராதுல்ல.

— நீ பள்ளத்தை எட்டிப் பாக்குறன்னுல்ல நினைச்சேன். இப்படி ஒரு பொறுப்பான கண்டக்டர் நம்ம டிப்போலயே கிடையாதுன்னு மேனேஜர்கிட்ட சண்டை போட்டு உனக்குக் கேடயம் வாங்கிக் குடுத்தேனேடா.

— வீட்டு அலமாரியில இருக்கு. வாந்தி எடுத்ததுக்குக் கேடயம் வாங்கினவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

— ...

— சிரிக்க மாட்டேன்னு சொன்னீங்க.

— நான் எங்கடா சிரிக்கிறேன். அதுவா குலுங்குது.

— தம்பி, என்ன சத்தம் அது? மறுபடியும் எடுக்கிறாரா?

— இல்ல அண்ணி. சிரிக்கிறாரு.

— சிரிக்கிறாரா?

— ஆமாம்.

— சரி. சரி தம்பி, நான் வரல. நீங்க பேசிட்டு இருங்க.

— டேய், உன் பொண்டாட்டிக்கு இந்த விஷயம் தெரியுமா?

— என் யூனிபார்மைத் துவைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?

— அப்ப அந்த ஒரு மாசச் சண்டை?

— அது என் மானத்தைக் காப்பாத்த அவ போட்ட சண்டை. கண்டக்டருக்கு ஒரு தொடுப்பு இருக்குன்னா நாலு நாள் பேசுவாங்க. கண்டக்டருக்கு பஸ்ஸுல வாந்தி வரும்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் பேசுவாங்க. அதுவும் நீங்க இருக்கிற டிப்போல.

— தையக்காரி பாவம்டா. அவ பேரும்ல சேர்ந்து கெட்டுச்சு.

— வாய் கொப்பளிக்கத் தண்ணி எடுத்து வைக்கிறதே அவங்கதான். விஷயம் கேள்விப்பட்டு, 'இந்த மூஞ்சிக்கா'ன்னு சொல்லி சாயங்காலம் வரைக்கும் சிரிச்சாங்க.

— தாழ்ப்பாளை எடுத்துட்டேன். உள்ள வா. உன் மூஞ்சிய நானும் ஒரு தடவை நல்லாப் பாக்கணும்.

— வந்துட்டேன். ... என்னண்ணே இப்படி ஆயிட்டீங்க.

— முறைச்சுப் பாக்காத. முடி கொட்டும்னு சொன்னாங்க, சரின்னேன். மீசையும் சேர்ந்து போகும்னு ஒருத்தனும் சொல்லல.

— இத்தனை நாள் பழகி இன்னைக்குத்தான் உங்க மேல் உதட்டைப் பாக்குறேன். மோசம் இல்ல. இந்தாங்க, ஐஸ்.

— ம். நீயும் உட்காரு. அந்த ஓரம் காஞ்சிருக்கு பாரு, அங்க உட்காரு.

— உட்கார்ந்தாச்சு. நாளைக்கு நானும் கூட வர்றேன். டாக்டர்கிட்ட நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன், அந்த நர்ஸுப் பொண்ணு நின்னாலும் சொல்லுவேன்.

— நான் இன்னும் வர்றேன்னே சொல்லல. அதை விடு. எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. கீழ ஊரைச் சுத்துற ரூட்டு இருக்கே, வளைவு நெளிவு இல்லாம நேர் ரோடு. போய்க் கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பாங்களே.

— கேக்கவே இல்ல, அவங்களாவே குடுத்தாங்க. ஒரு தடவை இல்ல, மூணு நாலு தடவை.

— அப்புறம் ஏன்டா போகல? உனக்கென்ன மூளை கீளை கழண்டு போச்சா?

— அந்த ரூட்டுல டிரைவர் வேற ஆளுண்ணே. உங்க வண்டியில வரணும்னா வாந்தி எடுத்துத்தான் ஆகணும்னு இருந்துச்சு. எடுத்தேன். இத்தனை வருஷம் உங்களுக்காக நான் எடுத்திருக்கேன், எனக்காக நீங்க இன்னும் மூணு தடவை எடுக்க மாட்டீங்களா?