அழவிடாத ஆயா

குழந்தை ஓயாமல் அழுதால் உடனே பசி என்று பாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முக்கால்வாசி நேரம் அரைஞாண் கயிறு இறுகியிருக்கும், அவ்வளவுதான். அதைத் தளர்த்தி வயிற்றை நீவிக் கொடுத்தால் அடங்கிவிடும். இதுகூடத் தெரியாதவர்கள்தான் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு கப்பலேறுகிறார்கள், மாஜிஸ்டிரேட் ஐயா.

என் பெயர் வேம்பு. வியாசர்பாடி. ராயபுரத்தில், பினாங்குக் கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள் தங்கும் ஓட்டலில் ஆயா வேலை பார்த்தேன். நான் எங்கள் பேச்சில் சொல்வதை உங்கள் ரைட்டர் நல்ல தமிழாக்கி எழுதிக்கொள்கிறார். எழுதட்டும். அர்த்தம் மாறாமல் இருந்தால் போதும்.

கப்பல் தள்ளிப்போனால் அவர்களுக்குப் பொழுது போகாது. பட்டணத்தைவிட்டுப் போகுமுன் ஒரு நாடகமாவது பார்த்துவிட வேண்டும். புதுப்புடவையைக் கட்டியாகிவிட்டது, இடைஞ்சலாக இருப்பது பிள்ளை ஒன்றுதான். மானேஜர் தாமோதரன் என்னை மாடிக்கு அனுப்புவார். புறப்படுமுன் பெட்டிப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இவள் யார், பைத்தியமா, நோயாளியா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெட்டிச் சாவியை என்னிடம் விட்டுப் போவார்களா? மாட்டார்கள். பிள்ளையை விடுவார்கள்.

திரும்பி வரும்போது பிள்ளை அசையாமல் தூங்கும். எவ்வளவு சமர்த்து என்று கொஞ்சுவார்கள். மறுநாள் வெயிலேறியும் எழுந்திருக்காது. ரயிலில் வந்த அலைச்சல் என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பாக வரும்.

அபின்தான், ஐயா. நாக்கில் கொஞ்சம் தடவுவேன். எங்கள் பக்கத்தில் மில் சங்கு ஊதியதும் வேலைக்கு ஓடுகிற பெண்கள் எத்தனையோ பேர் இதைச் செய்துவிட்டுத்தான் ஓடினார்கள். அவர்களுக்கு வயிற்றுப்பாடு. இவர்களுக்கு நாடகம். மானேஜருக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அவருக்கு வேண்டியது சத்தமில்லாத மாடி. அது எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிற ஆள் இல்லை அவர். வேம்பு கைராசிக்காரி, அவள் தூக்கினால் பிள்ளை அழாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயரால்தான் எனக்குச் சோறு. உண்மையைச் சொன்னால், சோற்றைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது.

அன்று வந்தவர்கள் தூத்துக்குடிக்காரர்கள். புருஷன் ஜார்ஜ், பினாங்கில் குமாஸ்தா. பெண்டாட்டி பிலோமி. பிள்ளை அமலி, இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. அந்தப் பெண் மற்றவர்களைப் போல் இல்லை. என் பெயரைக் கேட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா என்றதும் நான் உருகிவிட வேண்டுமாக்கும். போக மனமில்லாதவளை ஜார்ஜ்தான் இழுத்துக்கொண்டு போனான். படியிறங்கியவள் திரும்பி வந்து இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்றாள். மறுபடியும் போய் மறுபடியும் வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அவர்கள் போனதும் பிள்ளை அழ ஆரம்பித்தது. நெஞ்சில் சளி. கயிற்றைத் தளர்த்தினேன், தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். அடங்கவில்லை. பக்கத்து அறையில் ஜஹாங்கீர் என்று ஒரு தோல் வியாபாரி. கதவைத் திறந்து முறைத்துவிட்டுக் கீழே போய்ச் சொல்லிவிட்டார். தாமோதரன் மேலே வந்தார். அந்த வியாபாரி முன்னால், இன்னும் நாலு பேர் எட்டிப்பார்க்க, என்னைக் கேட்டார்.

"இன்னா வேம்பு, கைராசியெல்லாம் பூட்ச்சா? முடியலன்னா சொல்லு. பிராட்வேல இன்னொருத்தி கீறா."

யாரோ சிரித்தார்கள். நான் பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் மாடி அமைதியாகிவிட்டது.

திரும்பி வந்தவள் மற்றவர்களைப் போல் கொஞ்சவில்லை. நேரே கட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் மார்பில் காது வைத்தாள். வைத்த காதை எடுக்கவேயில்லை. ஜார்ஜ்தான் அவளைத் தூக்கி நிறுத்தினான்.

டாக்டர் கொடுத்த இருமல் மருந்தும் என் அபினும் ஒன்று சேர்ந்துவிட்டன என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஸ்டேஷனில் பிலோமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புறப்படுகிற அவசரத்தில் மருந்து கொடுத்ததை என்னிடம் சொன்னோமா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லையாம். நீ சொல்லியிருக்கமாட்டாய், உன்னால்தான் என்று ஜார்ஜ் அவளைப் பார்த்துச் சொன்னான். அதற்கப்புறம் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஓட்டல்காரர்கள் வைத்த வக்கீலுக்கு அது வசதியாகப் போயிற்று. அதையே பிடித்துக்கொள், படிக்காத பொம்பளை, விஷயம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறார்.

அதனால்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டு அல்ல. தெரியாமலாம். எனக்கா? இந்தக் கையில் தூங்காத பிள்ளை உண்டா? அந்த வார்த்தையை யாரும் எழுதக் கூடாது.

அவள் சொன்னாள், ஐயா. முதல் தடவை திரும்பி வந்தபோதே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, இருமல் மருந்து இப்பத்தான் குடுத்திருக்கேன். அது தூங்கவைக்கிற மருந்து. வேற எதையும் அவ நாக்குல வச்சிராதீங்க. அழுதா அழட்டும், நான் வந்து பாத்துக்கிடுதேன்."

இரண்டாம் தடவை வந்ததும் அதையே சொல்லத்தான். சரிம்மா என்றேன். தாமோதரன் எதிரில் நிற்கும்போதும் அது எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மில்காரி ஒருத்தியின் வீட்டில் கண்ணால் பார்த்தவள் நான். தெரிந்துதான் தடவினேன். ஒருதரம் தடவியும் முனகியது. இன்னொருதரம் தடவினேன். அழுதால் அழட்டுமாம். அழவிடுவதற்கு ஆயா எதற்கு?

இதையும் ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தோளில் போட்டு நடந்தும் அடங்காத பிள்ளை, ஐயா. நான் அடக்கினேன். வேறு எவளாவது இருந்திருந்தால் அது விடிய விடிய அழுதிருக்கும்.