கடைசி வரி படிக்க முடியுதா?

— ஒன்பது பேரா? ஆயிரத்து நானூறு பேருக்கு மெயில் அனுப்பி, திறந்து பாத்தது வெறும் ஒன்பது பேரா?

— அதாவதுக்கா, அந்த ஒன்பதுல ஒண்ணு நான். சரியாப் போகுதான்னு எனக்கே அனுப்பிப் பாத்தேன்.

— அப்ப எட்டு.

— அதாவது, எட்டுல ஒருத்தர் இனிமே அனுப்பாதீங்கன்னு பதில் போட்டிருக்கார்.

— புண்ணியவான், பதிலாவது போட்டாரே. செலவே இல்ல, ஒரு தட்டுத் தட்டினா எல்லாருக்கும் போயிடும்னு குதிச்சியேடா!

— போகத்தான்க்கா போச்சு. போன இடத்துல கடன் குடுக்கிறவன், செருப்பு விக்கிறவன்னு ஊர்ப்பட்ட மெயில் குவிஞ்சு கிடக்கு. "வருஷம் ஒரு தடவை கண்ணைச் சோதிச்சுக்கோங்க"ன்னு நாம சொன்னது அடியில போயிடுச்சு.

— சரி விடு, அது முடிஞ்ச கதை. தபால்ல போட்ட கார்டும் போய் நாலு நாளாச்சு. அது விளம்பரம்கூட இல்ல. இருபத்திரண்டு வருஷமா என்னை நம்பிக் கண்ணைக் காட்டின முந்நூறு பேர்கிட்ட சொல்லாமக் கொள்ளாம கடையை மூடக்கூடாதுன்னு போட்டது. கவர்ல பேர் எழுதவே ரெண்டு நாள் ஆச்சு. மூடுறீங்களாமேன்னு ஒருத்தர்கூட கேக்கலையேடா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

— அக்கா...

— மூணு மணிக்குள்ள அந்தப் பெரிய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃபோன் பண்ணி, வேலைக்கு வர்றேன்னு சொல்லணும். அங்க ஆளுக்கு ஏழு நிமிஷமாம். ஏழு நிமிஷத்துல நான் யார் கண்ணைப் பாப்பேன்?

— அதாவதுக்கா, ஒருத்தருமே கேக்கலைன்னு சொல்ல முடியாது. காலையில இருந்து நாலு ஃபோன் வந்துச்சு.

— இதை இப்ப சொல்றியே! என்ன கேட்டாங்க?

— கார்டுல கடைசி வரி படிக்க முடியலை, என்ன எழுதியிருக்குன்னு.

— படிக்க முடியலையா? கவர்ல பேர் எழுதினதோட சரி, கார்டை நான் பாக்கவே இல்லையே. எடு இங்க... கடவுளே! என்னடா இது, கண்ணு சோதிக்க நம்ம சுவர்ல மாட்டியிருக்கிற எழுத்துப் பலகை மாதிரி?

— வெறும் கடுதாசியா இருந்தா தூக்கிப் போட்டுடுவாங்கன்னு பயம்க்கா. நம்ம கடைன்னு பாத்ததுமே தெரியட்டும்னு மேல பெரிய எழுத்து, கீழ வரவரச் சின்னது.

— "இந்த மாசத்தோட கடையை மூடுறோம்"ங்கிறதை எங்கடா வெச்சே?

— கடைசியில. நீ எழுதிக் குடுத்த வரிசைப்படிதான் அடிச்சேன்.

— எறும்பு சைஸ்ல! அதுவும் கண்ணு மங்கினவங்களுக்கு! இருக்கிற மூளையை எங்கயாவது அடகு வெச்சிட்டியா?

— எனக்குத் தெரிஞ்சுதேக்கா.

— உனக்குத் தெரியும்டா, உன் கண்ணை நான்தானே பாக்கிறேன். கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னே?

— மூடுறோம்னு சொல்ல வாய் வரலை. நேர்ல வாங்கன்னுட்டேன்.

— நேர்லயா?

— அம்மா, உள்ள வரலாமா?

— அடடே, தையல்காரர் ஐயாவா! வாங்க, உட்காருங்க. பாத்து எத்தனை நாளாச்சு!

— நாலு வருஷம் இருக்கும் பாருங்க. உங்க கார்டு வந்துச்சு. கவர்ல என் பேரைக் கையாலயே எழுதியிருந்தீங்க. யாரும்மா இப்ப அப்படி எழுதுறாங்க? தையல் மெஷின் மேலயே சாய்ச்சு வெச்சேன் பாருங்க. மூணாவது வரி வரைக்கும் சுத்தமாப் படிச்சேன். அப்புறம் ஒரே புகை. பக்கத்துக் கடைக்காரர் படிச்சுச் சொல்றேன்னார், வேண்டாம்னுட்டேன். ஊசியில நூல் கோக்கவும் அவரைத்தானே கூப்பிடுறேன்னு அப்பத்தான் உறைச்சுது. எவ்வளவு நாள்தான் அடுத்தவங்க கண்ணை இரவல் வாங்குறது? அதான் நேரா வந்துட்டேன்.

— நல்ல காரியம் பண்ணீங்க. தனியாவா வந்தீங்க?

— தனியாவா? வெளியில எட்டிப் பாருங்கம்மா. படியில ஏழு பேர் கார்டும் கையுமா நிக்கிறாங்க. ஒருத்தர் பாதி விலைன்னு போட்டிருக்குங்கிறார், இன்னொருத்தர் விலாசம்ங்கிறார். பஸ் டிரைவர் கார்டைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுப் பாத்துட்டு இருக்கார். அவர் பஸ்ல ஏற இனி நான் தயாரில்ல பாருங்க.

— அக்கா, ரெண்டே முக்கால் ஆச்சு. அந்த ஃபோன்...

— இருடா. பேசாம நாற்காலியெல்லாம் எடுத்துப் போடு.

— அது கிடக்கட்டும்மா. கடைசி வரியில அப்படி என்னதான் எழுதியிருக்கு?

— "அடுத்த வருஷமும் மறக்காம வாங்க"ன்னு எழுதியிருக்கு ஐயா. டேய், அவர் கார்டை வாங்கி உள்ள வை. வெளியில நிக்கிறவங்களோடதையும்!