பத்திலிருந்து நூற்றுப்பத்து வரை

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சோதனைப் பிரிவுத் தோழர்களே, நோயாளிகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மருத்துவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அவர் கையை விடாமல் பிடித்திருக்கும் மகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எழுதி வந்ததைத்தான் வாசிக்கப் போகிறேன். தாளைப் பார்க்காமல் பேசினால் பாதியில் நின்றுவிடுவேன், மன்னியுங்கள்.

நம் மூத்த சோதனைப் பொறியாளர், நாமெல்லாம் ஸ்கேல் அக்கா என்று கூப்பிட்டவர், போன செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே சுவரைப் பிடித்தாராம். மூளையில் ரத்தக் கசிவு. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? யாரிடம் போய்க் கேட்பது?

உறவினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இதயத் துடிப்பை வரைபடமாகத் தாளில் அச்சடிக்கும் மென்பொருளைத்தான் நாங்கள் இங்கே எழுதுகிறோம். மருத்துவமனைகளில் கட்டம் போட்ட தாள் முன்பே அச்சாகி வந்திருக்கும். சின்னக் கட்டம் ஒன்று ஒரு மில்லிமீட்டர். எங்கள் கோடு அந்தக் கட்டங்களின் மேல் விழும். இருபத்தைந்து மில்லிமீட்டர் என்றால் ஒரு நொடி. மருத்துவர் கட்டத்தை எண்ணித்தான் இதயத்தைப் படிக்கிறார். கோடு சுருங்கினால் கட்டமும் சேர்ந்து சுருங்காது. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். தாள் மட்டும் பொய் சொல்லும்.

அதற்காகத்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு தனிக்கோடு வைத்தார் அக்கா. கீழே '100 மி.மீ.' என்று எழுதியிருக்கும். மென்பொருளின் புதிய பதிப்பு வெளியே போகும் முன் ஒவ்வொரு பிரிண்டரிலும் அச்சடித்து, எஃகு ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அளப்பார். ஸ்கேலின் பூஜ்ய முனை தேய்ந்துபோனதால் பத்தில் தொடங்கி நூற்றுப்பத்தில் முடிப்பார். புதிதாக வந்தவர்கள் அக்காவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்தேன். அக்காவின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்; அந்த ஸ்கேல் அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து வந்தது என்று இந்த வாரம்தான் தெரிந்தது. பதினோரு வருடமாகத் தேடினாராம்.

பிரிண்டர் பழுது பார்க்க வந்தவர் ஒருமுறை அலுத்துக்கொண்டார். "ஒரு மில்லிமீட்டர்ல என்ன மேடம் ஆயிடப் போவுது?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க மீசையில ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. என்ன ஆவுதுன்னு உங்க வீட்டம்மா சொல்லுவாங்க."

அவர் பிறகு எப்போது வந்தாலும் முதலில் கோட்டை அளந்துகாட்டிவிட்டுத்தான் பெட்டியை மூடுவார். இதோ, கடைசி வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நம் அலுவலக வாசலில் அக்காவின் படத்தோடு ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'பதினோரு ஆண்டுப் பணியில் ஒரே ஒரு பிழை' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பெருமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு கோடு சுருங்கிப்போன அந்தப் பதிப்பைச் சொல்கிறார்கள். அதனால்தான் குழுத் தலைவர் பொறுப்பு அவருக்கு வராமல் போனது.

அந்தப் பிழை அவருடையது இல்லை. என்னுடையது.

ஒரு மருத்துவமனையில் நோயாளியின் பெயர் தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டது. அதைச் சரிசெய்ய, பக்கத்துக்குள் பொருந்தும்படி எல்லாவற்றையும் சுருக்கும் அமைப்பை நான்தான் போட்டேன். பெயர் முழுதாக வந்தது. அதோடு இதயமும் சுருங்கியது. அன்று அக்கா தன் மகளின் பள்ளிக்குப் போயிருந்தார். மாலையில் போன் செய்தார். கேட்டது ஒரே கேள்வி.

"கோடு நூறு இருக்கா?"

"நூறுதான்க்கா."

நான் அளக்கவில்லை. எனக்கு ஏழாம் மாதம், கால் வீங்கியிருந்தது, பஸ் போய்விடும் என்ற அவசரம். தாளைப் பார்த்தேன், கோட்டுக்குக் கீழே நூறு என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். கோடு எவ்வளவு சுருங்கினாலும் கீழே நூறு என்றுதானே எழுதியிருக்கும்!

மறுநாள் காலை அக்கா ஸ்கேலை வைத்தார். நூற்றைந்தில் நின்றது. தொண்ணூற்றைந்துதான். அதற்குள் அந்தப் பதிப்பு நாற்பத்தொரு இடங்களுக்குப் போய்விட்டிருந்தது.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் இன்று இவ்வளவு வலிக்காது. போனில் எல்லா இடத்திலும் அச்சை நிறுத்தச் சொன்னார். பிறகு மூன்று நாள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்து, அந்த இடைவெளியில் அச்சான தாள் ஒவ்வொன்றையும் மறுபடி அச்சடித்து மருத்துவர் கையில் கொடுத்தார். ஒரு பள்ளி ஆசிரியையின் தாளில் மட்டும், பன்னிரண்டு கட்டம் இருக்க வேண்டிய இடைவெளி பதினொன்றரையைத் தொடவில்லை. பன்னிரண்டு என்றால் அவர் சாப்பிட்டுவந்த ஒரு மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். அவர் நலமாக இருக்கிறார். அவருடைய மருத்துவர் இங்கே வந்திருக்கிறார்.

மேலாளரின் அறைக்குக் கூப்பிட்டபோது நான் எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நீ உள்ள போவ வேண்டாம். நான் பாத்துக்கறேன். புள்ள பொறந்தப்புறம் நீயே வந்து சொல்லு."

பிள்ளை பிறந்து பத்து மாதம் ஆகிறது. நான் சொல்லவில்லை. முதலில் தையல் ஆறட்டும் என்றேன். பிறகு பையனுக்குக் காய்ச்சல். பிறகு வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். திங்கட்கிழமை சொல்லலாம் என்று எத்தனை திங்கட்கிழமைகள்! பையனுக்குத் தாய்ப்பால் எடுத்துவைக்க ஸ்டோர் ரூமுக்குள் நான் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே காவல் நின்றது யார்? அந்த அக்காதான். இறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கேட்கப்போகிறார் என்று நினைத்து நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பையன் ராத்திரி தூங்குறானா?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அக்கா, ஒருமுறையாவது கேட்டிருக்கக் கூடாதா?

மேலாளர் அவர்களே, அந்த அறிவிப்பில் இருக்கும் அந்த வரியை இன்றே எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். பிழை என் பெயரில் பதிவாகட்டும். அதற்கு என்ன தண்டனையோ, ஏற்றுக்கொள்கிறேன்.

பாப்பா, நீ வாசலில் நின்று அந்த வரியைப் படித்ததை நான் பார்த்தேன். கீழே என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. உன் அம்மாவின் கோடு முழு நூறு. ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

அக்காவின் அண்ணன் அந்த ஸ்கேலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அங்கயே இருக்கட்டும்மா" என்று என்னிடம் தந்துவிட்டார். இந்த அலுவலகத்தில் நான் இருக்கும் வரை, என் கையால் அளக்காமல் ஒரு பதிப்பும் இந்த வாசலைத் தாண்டாது. நான் இல்லாவிட்டால் ஸ்கேல் பெரிய பிரிண்டருக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து அளக்கட்டும், என்னையும் சேர்த்து யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

அடுத்த பதிப்பு நாளைக்குப் போக வேண்டும். இங்கே வருவதற்கு முன் எல்லா பிரிண்டரிலும் ஒரு தாள் எடுத்தேன். முனை தேய்ந்திருக்கிறது என்பதை மறக்கவில்லை. பத்தில் வைத்தேன். நூற்றுப்பத்தில் முடிந்தது.

அக்கா, இந்தத் தடவை வச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன். கோடு நூறு இருக்கு.