நான்காம் பசுமைக்குடிலின் பதினான்கு மொட்டுகள்

என் பெயரை அடையாள அட்டையைப் பார்த்துக் காவல் நிலைய அதிகாரி மேலே எழுதியிருக்கிறார். பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்து நான்கு வருடம் என்னைக் கூப்பிட்டதென்னவோ வாயாடி என்றுதான், அதையும் எழுதச் சொன்னேன். வயது அறுபத்திரண்டு. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்சந்தில், பால் கடை மாடியில் கணவருடன் வசித்து வருகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. நானாக வந்து சொல்வதாவது.

மேற்படி பண்ணையில் ஓய்வு பெறும் வரை தக்காளியில் கலப்பு செய்வது என் வேலை. நாளை விரியப்போகிற மொட்டை இன்றே பிரித்து, உள்ளிருக்கும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும், அதன் பின் அந்த மொட்டு தானாகக் காய்க்காது. மறுநாள் வேறு செடியின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். என் கூட்டாளி தடித்த கண்ணாடி போட்டவள், அதனால் சோடாபுட்டி. என்னைவிட மூன்று வயது இளையவள். வரிசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், இலைகளுக்கு நடுவே அவள் கண்ணாடி மட்டும் தெரியும். ஒரு வரிசை முடிவதற்குள் அவள் மாமியார் தலையை உருட்டி முடித்திருப்போம். எத்தனை சோப்பு போட்டாலும் கை கழுவின தண்ணீர் பச்சையாக ஓடும். அந்த மாதிரிக் காலைப்பொழுது பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை என்று சொன்னபோது, வழக்குக்குத் தேவையானதை மட்டும் சொல்லும்படி அதிகாரி கூறினார். இதுதான் சார் தேவையானது என்றேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் மூத்தோர் சங்கத்தில் இருபது பேரைப் பண்ணையைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு கொடுத்து நான்காம் பசுமைக்குடிலுக்குள் விட்டார்கள். இப்போது அந்தக் குடிலுக்குப் பொறுப்பு சோடாபுட்டிதான், அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாள். "வாங்கக்கா, இன்னிக்கு நீங்க விருந்தாளி, கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்று கிண்டல் செய்தாள். அதன் பிறகு போன் வந்து வெளியே போனாள். அங்கிருந்த ஆறு செடிகளும் ஆய்வகக் குடுவையில் உருவாக்கியவை, வேறெங்கும் கிடையாது, கைபடாமல் தானாகக் காய்த்து விதை தர வேண்டும் என்று விஞ்ஞானி விளக்கினாராம். நான் காதில் வாங்கவில்லை. என் பழைய வரிசையில் பின்தங்கி நின்றிருந்தேன். மொட்டுகள் சரியான பருவத்தில் லேசாக மஞ்சள் காட்டிக்கொண்டிருந்தன. மனசு எங்கேயோ இருந்தது, கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. கூட்டம் வெளியேறும் சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன், விரலெல்லாம் பச்சை. தூக்கிவாரிப் போட்டது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்து, யாரிடமும் பேசாமல் வீடு சேர்ந்தேன்.

வியாழக்கிழமை பண்ணைக் காவலாளியைக் கடைத்தெருவில் பார்த்தேன். பதினான்கு மொட்டு வீண், இந்தப் பருவத்து விதை போச்சு, தேர்ந்த கை ஒன்று வேண்டுமென்றே செய்திருக்கிறது என்று புகார் கொடுத்திருக்கிறார்களாம். விஞ்ஞானியோடு போன வாரம் சண்டை போட்டவள் என்பதால் சோடாபுட்டியை வேலைநீக்கம் செய்யப் போகிறார்களாம். தேர்ந்த கை என்றதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சீ, இவளும் ஒரு மனுஷியா என்று பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். அப்படியும் இங்கே வர இரண்டு நாள் ஆயிற்று.

நான்தான் செய்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். மகரந்தப் பையை எடுத்த மொட்டுக்கு அடையாளமாக அடியிலுள்ள பச்சை இதழைக் கிள்ளிவிடுவது எங்கள் வழக்கம். அவள் ஒன்று கிள்ளுவாள், நான் இரண்டு. யார் கைக்கு எத்தனை காய் பிடித்தது என்று பார்க்க நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு, மற்றவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அதிகாரி கோப்பிலிருந்து புகைப்படங்களை எடுத்துப் பார்த்தார். பதினான்கிலும் இரண்டிரண்டு இதழ் கிள்ளியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் படங்களை அவளுக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன். புதன்கிழமையே காட்டினார்களாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாளாம். "யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அவள் சொன்ன அந்த ஒரு வரி பொய். இங்கே நான் சொன்னதும், எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டதும் எல்லாம் உண்மை.

(ஒப்பம்)