கோடு எந்தப் பக்கம்

உங்கள் மேசையில் பேனாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கின்றன சார். பார்க்கவே நிம்மதியாக இருக்கிறது. எங்கள் ஆபீசில் இதற்கெல்லாம் என்னைக் கேலி செய்வார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் லைப்ரரி என் பொறுப்பு. புத்தக லைப்ரரி இல்லை. சர்க்யூட் போர்டில் ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம் உண்டு. சர்க்யூட்டில் அது எப்படித் தெரிய வேண்டும், போர்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று காட்டும் படம். ஒருமுறை வரைந்து வைத்தால் எல்லோரும் அதையே எடுத்துப் போடுவார்கள். அதற்கு விதிகள் உண்டு. கரண்ட் வரும் கம்பி மேலே, கிரவுண்டு கீழே. சிக்னல் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். எழுத்தெல்லாம் ஒரே உயரம். விதிகளை எழுதியவன் நான். என் கண்ணில் படாமல் ஒரு படமும் லைப்ரரிக்குள் போகாது.

மாப்பிள்ளையை, அதாவது என் தங்கையின் கணவனை, அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அவன் போடும் படம் கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். கிரவுண்டு வானத்தைப் பார்க்கும். லைப்ரரியில் ஒரு பொருள் இல்லையென்றால் என்னிடம் கேட்க மாட்டான். அவசரத்துக்குத் தானே ஒன்றைக் கிறுக்கிக்கொள்வான். ஒருநாள் எல்லோரும் இருந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

"மச்சான், படம் அழகா இருந்தா கரண்ட் சந்தோஷப்பட்டு வேகமா ஓடுமா?" என்றான்.

மேனேஜர் முதற்கொண்டு சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் அதை வீட்டிலும் போய்ச் சொல்லி, தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது கைக்குழந்தைகளுக்கான ஒரு பெட்டி. மெத்தைக்கு அடியில் ஒரு தகடு, பக்கத்தில் பெட்டி. குழந்தையின் மூச்சு நின்றால் அலறும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். அந்தப் பேட்டரிப் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு டான்டலம் கெபாசிட்டர் போட்டிருந்தான், கரண்டைத் தேக்கிவைக்கும் சின்னப் பொருள். வழக்கம்போல அதன் படத்தை அவனே வரைந்திருந்தான்.

சாதாரண உருளைக் கெபாசிட்டரின் உடம்பில் இருக்கும் பட்டை மைனஸ் பக்கத்தைக் காட்டும். டான்டலத்தில் அதே மாதிரிப் பட்டை பிளஸ் பக்கத்தைக் காட்டும். யார் இப்படி வைத்தார்களோ, என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். மாப்பிள்ளை பழைய உருளையின் படத்தைக் காப்பியடித்து, அளவை மட்டும் மாற்றியிருந்தான். பட்டைக்கான கோடு மைனஸ் பக்கத்திலேயே இருந்துவிட்டது. கோட்டைப் பார்த்துப் பொருத்துகிறவர்கள் தலைகீழாகத்தான் பொருத்துவார்கள். தலைகீழாகக் கரண்ட் பாய்ந்தால் டான்டலம் கருகிவிடும்.

படம் என்னிடம் வந்தது. சிவப்பில் குறிப்புகள் எழுதினேன். எழுத்து உயரம் கூடுதல். ஓரக்கோடு தடிமன். பெயர் விதிப்படி இல்லை. நடுப்புள்ளி நடுவில் இல்லை. எல்லாமே உண்மையான பிழைகள். பட்டைக் கோட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. இந்த முறை மாப்பிள்ளை வாயடிக்கவில்லை. தங்கை மாசமாக இருந்த நேரம், அவனுக்கும் பொறுப்பு வந்திருந்தது. சொன்னதையெல்லாம் திருத்தி எடுத்துவந்து பக்கத்தில் நின்றான்.

"வேற ஏதாவது இருக்கா மச்சான்?"

"இல்ல மாப்பிள்ளை. இப்பதான் படம் படமா இருக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒப்புதல் கொடுத்தேன்.

சோதனை மேசையிலேயே புகை வரும், சிரித்த வாயெல்லாம் மூடும், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைகீழாக வைத்த டான்டலம் உடனே போய்விடும் என்று சொல்ல முடியாது. சில சமயம் தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகு போகும். சோதனையில் பேட்டரிக்கு மாற்றினார்கள், பெட்டி ஓடியது, மாப்பிள்ளைக்குக் கைதட்டினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று வரும். அதுவரை என் பெயரில் ஒரு பிழையும் கிடையாது.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தான். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடக்கூடும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தங்கை பொட்டுத் தூக்கம் இல்லாமல் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பொறுக்க முடியாமல் மாப்பிள்ளை கம்பெனியில் கெஞ்சி, முதலில் தயாரான பெட்டிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் அதை மாட்டும்போது நானும் அந்த அறையில் இருந்தேன். குழந்தை என் மடியில் இருந்தான். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இனிமே நானும் கொஞ்சம் கண்ண மூடலாம்ண்ணா," என்றாள் தங்கை.

"பிளக்க மட்டும் யாரும் பிடுங்கிடாதீங்க," என்றேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் எச்சரிக்கை செய்தேன்.

பிளக்கை யாரும் பிடுங்கவில்லை. ஒரு மத்தியானம் தெருவுக்கே கரண்ட் போனது. பெட்டியை நம்பித் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டி பேட்டரிக்கு மாறி, கொஞ்ச நேரம் ஓடி, சத்தமில்லாமல் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு குழந்தையின் மூச்சு நின்றிருக்கிறது. அவள் எழுந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்தான். கருகிய டான்டலத்தைப் பார்த்தான், தன் படத்தைத் திறந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, என்னைத் தவிர. வேலையை விட்டுவிட்டான். யாரோடும் பேசுவதில்லை. தங்கை அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை சார். மேனேஜர் தோளில் கைபோட்டு, "மனுஷன் கண்ணுதானே, ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்," என்று ஆறுதல் சொன்னார். இனி என் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பாராம். வீட்டுக்குப் போனால் தங்கை சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஊர்ல இருக்கிற தப்பெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியும். என் புள்ள விஷயத்துல மட்டும் எப்படிண்ணா தெரியாமப் போச்சு?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான். படம் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டேன், சார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. என் தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வேலையில் கவனக்குறைவாக இருந்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.