திரும்பும்போதும் இதே சுமையா

காருக்குப் புதுச் சக்கரம் போட வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் டயரைக் கண்ணால்தான் வாங்குகிறார்கள். குண்டாக இருக்க வேண்டும், மட்கார்டை நிரப்பிக்கொண்டு நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. டயரின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கின்றன, அவற்றை வாசித்துக் காட்டுவேன். முதலாவது அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயரின் சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். சக்கரம் பெரிதானால் சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் மாறக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

தாளும் பேனாவும் கொடுத்து, அவசரமில்லை, உங்களுக்கு வருகிற மாதிரி எழுதுங்கள் என்றீர்கள். எனக்கு வருவது டயர்தான், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பதினேழு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். தெருவில் என்னை இன்ச் அண்ணன் என்பார்கள். கேலிதான், ஆனால் மரியாதையான கேலி. நான் போட்டுக் கொடுத்த அளவு தப்பு என்று ஒரு வண்டி திரும்பி வந்ததில்லை.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு இருபது, அவளுக்குப் பதினொன்று. தலைவாரிப் பின்னல் போடக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன். இரட்டைப் பின்னல், இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கும். அவள் மேல் எனக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டு நாலே காலுக்கு வீடு வர வேண்டும். நாலரைக்கு வந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் கை நீட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. வளர்க்கிறவன் கைதானே அது. ஒருமுறை அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. நான் பிடித்திருந்தேன், அவள் இழுத்தாள், இழுக்காமல் இருந்திருந்தால் உடைந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். விலா எலும்பு விஷயம் அதற்கு இரண்டு வருடம் கழித்து. அது தானாகவே சேர்ந்துவிட்டது.

இருபத்தைந்து வயதில் அவளுக்கு ஓயாத இருமல். மார்பைப் படம் எடுக்கப் போனாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவன்தான் பிற்பாடு மாப்பிள்ளை ஆனான். என் கடையில் அவனுக்குப் பெயரே எக்ஸ்ரே. இருமலைப் பார்க்க வேண்டியவன் பழைய விலா எலும்பைப் பார்த்திருக்கிறான். இது எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறான். அவளும் சொல்லியிருக்கிறாள். பதினான்கு வருடம் வாய் திறக்காதவள், முன்பின் தெரியாத ஒருத்தனிடம், சட்டையைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி அங்கியோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாணத்தைக்கூட ஏதோ பொறுத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் போய்வந்துகொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் அவள் போனை எடுக்கவில்லை. ஆறு தடவை கூப்பிட்டேன். நேரில் போனேன். சமையலறையில் நின்றுகொண்டு, "கை ஈரமா இருந்துச்சுண்ணா" என்றாள். ஒரே ஒரு அறைதான் விட்டேன். அலமாரி முனை அங்கே இருந்தது என் தப்பில்லை. எக்ஸ்ரே நடுவில் வந்து நின்றான். என்னை அடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "மச்சான், நீங்க கிளம்புங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க" என்று கதவைச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பத்து வருடம் என் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எல்லாவற்றையும் நானே கழற்றியிருந்தேன்.

அப்படிப்பட்டவன் போன மாதம் கடைக்கு வந்தான். இரண்டு கதவு வைத்த, தரையோடு தரையாக ஊர்கிற கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார். யாரிடமோ வாங்கிய பத்தொன்பது அங்குலச் சக்கரங்கள் நான்கும் பின்னால் அடுக்கியிருந்தன. வண்டியோடு வந்தது பதினேழு.

"போன வருஷம் நான் பேசினது உங்களுக்கு வலிச்சிருக்கும் மச்சான்," என்றான். "பேசாம இருந்திருக்க முடியாது. ஆனா பகையோட இருக்கவும் பிடிக்கல. இந்த சைஸுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

"உள்ள வாங்க மாப்ள," என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவன் கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டவனாக இருந்திருந்தால் என் கடைக்கு வந்திருக்க மாட்டான்.

எந்த வண்டி வந்தாலும் அளவு சொல்வதற்கு முன் சுமையைக் கேட்பது என் வழக்கம். பாரம் ஏறினால் வண்டி அமுங்கும், டயர் மேலே மட்கார்டை நோக்கி வரும். அதனால் எத்தனை பேர், என்ன எடை, எவ்வளவு சாமான், எவ்வளவு தூரம் என்று கேட்டே ஆக வேண்டும். அவனிடமும் கேட்டேன்.

"ரெண்டு பேர். பின்னாடி ரெண்டு பெட்டி," என்றான்.

"தூரம்?"

"பதினோரு மணி நேரம் இருக்கும்."

"திரும்பும்போதும் இதே சுமையா?"

அவன் டீ டம்ளரைப் பார்த்தான். பிறகு, "ஆமா, அதே சுமைதான்" என்றான். எக்ஸ்ரே எடுக்கிறவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. போகிறார்கள், திரும்பப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் என்றான். அதில் மட்டும் உண்மை சொன்னான், பாவம்.

அந்தச் சக்கரத்துக்குச் சரியான அளவு இருநூற்று இருபத்தைந்து, முப்பத்தைந்து, பத்தொன்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் எடுத்தது இருநூற்று நாற்பத்தைந்து, நாற்பது, பத்தொன்பது. சரியான டயரைவிட மேலே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரம், அகலமும் கூடுதல். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியாது. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி நூற்றேழில் ஓடும், அவ்வளவுதான்.

எங்கள் கடையில் மணல் மூட்டைகள் உண்டு. அவனை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, ஓட்டுகிறவன் இருக்கையில் எழுபத்தெட்டு கிலோ வைத்தேன். பக்கத்து இருக்கையில் ஐம்பத்து நான்கு. தங்கையின் எடை எனக்குத் தெரியும். பெட்டிகளுக்கு இரண்டு மூட்டை. மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸ் பூசி, ஸ்டியரிங்கைப் பாதி திருப்பி, வண்டியை அமுக்கினேன். டயரின் தோளில், சுவர் தொடங்குகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த விளிம்பு மடித்த தகரம், கத்தி மாதிரி இருக்கும். வேகமாகப் போய் ஒரு வளைவில் நன்றாக அமுங்கினால் சுவரைக் கிழித்துவிடும்.

கடையில் சக்கரத்துக்குப் பாலன்ஸ் பார்க்கிற பெரியவர் பக்கத்தில் நின்றிருந்தார். "இது உரசுமேப்பா," என்றார். அவருக்கு மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சக்கரத்தில் எடையைத் தப்பான பக்கம் ஒட்டினார், அந்தக் கதை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். உங்களிடம் முதலில் வாய் திறந்தது அவர்தான் என்று தெரியும். வருத்தமில்லை. உண்மையைத்தானே சொன்னார்.

கோட்டைத் துடைத்தேன். எக்ஸ்ரே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்திருந்தது. "கொஞ்சம் பெருசா தெரியுதே மச்சான்?" என்றான்.

"நீங்க படம் எடுக்கும்போது நான் வந்து கேள்வி கேக்குறேனா?" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். மனசு கொஞ்சம் இளகியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று மாலை வரை அவனைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் நினைவு வந்ததும் அது போய்விட்டது.

விசாரணையின் முதல் நாள், தங்கை அந்த வண்டியில் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மூட்டைக் கணக்கை எழுதிவிட்ட பிறகு அதைச் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கடை வேனை எடுத்துக்கொண்டு அவர்கள் தெரு முனையில் நின்றேன். எட்டரைக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டும்வரை இடைவெளி விட்டே போனேன். அவன் நிதானமாகத்தான் ஓட்டினான். எழுபது, எழுபத்தைந்து. அந்த வேகத்தில் டயருக்கு ஒன்றும் ஆகாது. கல்குவாரி தாண்டி, மலையை ஒட்டி மூன்று வளைவுகள் இருக்கின்றன. அதற்குள் அவன் வேகம் எடுத்தாக வேண்டும்.

அதனால் நெருங்கினேன். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன், ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தங்கை திரும்பிப் பார்த்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். நான் கையசைத்தேன். அவள் அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், கார் பாய்ந்தது. முதல் வளைவில் உரசுகிற சத்தம் வேன் வரைக்கும் கேட்டது. இரண்டாவதில் புகை. மூன்றாவதில் முன்டயர் வெடித்து, வண்டி கம்பித் தடுப்பை அறுத்துக்கொண்டு சரிவில் நான்கு தடவை உருண்டது. ஐந்து என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான் எண்ணினேன், நான்குதான்.

வேனை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு இறங்கினேன். வண்டியை விட்டு இறங்கும்போது வீல் ஸ்பானரைக் கையில் எடுப்பது என் பழக்கம். முதலில் டயரைப் பார்த்தேன். நான் கணக்குப் போட்ட இடத்தில்தான் கிழிந்திருந்தது.

கார் தலைகீழாகக் கிடந்தது. ஸ்டியரிங் அவன் மார்பில் ஏறியிருந்தது. ஒரு கை முழங்கைக்குக் கீழே வேறு திசையைப் பார்த்தது, எலும்பு வெளியே வந்திருந்தது. வாயில் ரத்தம் நுரைத்தது. உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"மச்சான், அவள முதல்ல எடுங்க," என்றான். "நான் இருக்கேன்."

என் தங்கையை எடு என்று எனக்கு அவன் சொல்லித் தருகிறான். அந்த நிலையிலும் அவளுக்கு அவன்தான் பொறுப்பாம்.

அவன் தலையில் இருக்கும் காயம் விபத்தோடு பொருந்தவில்லை என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். சரியாகச் சொன்னார். ஆனால் அகலம் முப்பது மில்லிமீட்டர் என்பது தப்பு. அந்த ஸ்பானரின் வாய் வெளிப்பக்கம் இருபத்தெட்டு. மூன்று அடி அடித்தேன். முதல் அடியிலேயே நெற்றி எலும்பு உள்ளே போய்விட்டது, கண் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் தேவையில்லாதவை. அவை கோபம், ஒப்புக்கொள்கிறேன். முகத்தில் தெறித்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போனேன்.

தங்கை பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு நொறுங்கியிருந்தது. நினைவோடுதான் இருந்தாள், கண் திறந்திருந்தது, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. சின்ன வயதிலிருந்தே சத்தம் போடாத பிள்ளை. பெல்ட்டை அறுத்து, தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சரிவு முழுக்க ஏறினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவள் என் மடியில் இருந்தாள். அதையும் உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.

நீங்கள் என்னைக் கூட்டிவரும் வரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே இருந்தேன். இனி எழுந்து நடக்க மாட்டாள் என்றார்கள். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் கலைந்திருந்த தலையைச் சரிசெய்யலாம் என்று சீப்பை எடுத்தேன். கை அருகில் போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், படுக்கை நனைந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் என்ன தெரியும். மூன்று வருடம் அந்த ஆளோடு குடித்தனம் செய்தவள், அவன் வைத்த பயம் தெளியக் கொஞ்ச நாள் ஆகும் என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன்.