பார்க்காத இரண்டு சுவர்கள்

"டீச்சர், நாலு வகுப்பும் ஒரே ரூம்ல இருந்தா, நான் எந்தப் பக்கம் பார்த்து உக்காரணும்?"

தாங்கள் பணியேற்ற நாளில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி இது. அதற்கு விடையாக நான்கு சுவர்களுக்கும் கறுப்புப் பூசி, சுவருக்கு ஒரு வகுப்பாக அமர்த்திய அன்பும் அறிவும் நிறைந்த ஆசிரியை அவர்களே, வணக்கம்!

உப்புக் கிடங்காயிருந்து பள்ளியான ஓரறை இது. மழைக்காலத்தில் சுவர் கசிந்து எழுத்து வழியும். ஈரத்தைத் துடைத்து, இன்முகம் மாறாமல், எழுதியதையே மறுபடி எழுதினீர்கள். ஆண்டுதோறும் பிள்ளைகள் அடுத்த சுவருக்குத் திரும்புவார்கள். கதவு இருந்தது நான்காம் சுவரில். அதைக் கடந்து போனவர்கள் செவிலியரானார்கள், கொத்தனாரானார்கள், ஒருவர் நீதிமன்ற எழுத்தருமானார்.

கேள்வி கேட்ட சிறுமிக்கோ முதுகிலும் காது. நான்காம் வகுப்புக் கணக்குக்கு முதல் வகுப்பிலிருந்து, திரும்பாமலே விடை சொல்வாள். பெரிய பிள்ளைகள் 'பின்பாட்டு' என்று பெயர் வைத்தார்கள். தாங்கள் பூரித்துப்போய், மறு ஆண்டே அவளைக் கதவுச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தீர்கள். ஊரே மெச்சியது.

அந்த ஆண்டோடு இங்கே அவள் படிப்பு முடிந்தது. பெரிய பள்ளியோ வெகுதூரம்.

"இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருந்திருந்தா கொஞ்சம் வளர்ந்திருப்பா டீச்சர். இந்தப் பிஞ்சுக் காலோட எப்படி அனுப்புறது?" என்றார் அவள் அப்பா.

அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தீர்கள். பலிக்கவில்லை. கால் வளர்ந்தபோது அவள் கைக்கு வீட்டு வேலை வந்துவிட்டது. அதன்பின் எந்தப் பிள்ளையையும் தாங்கள் ஒரு சுவருக்கு மேல் திருப்பியதில்லை. அவசரப்பட்டுவிட்டேன் என்று எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

நாளை முதல் பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு அழைத்துப்போக வாசலுக்கே வேன் வரும். அன்றைக்கு அது வரவில்லையே என்ற ஆற்றாமை எங்களுக்கும் உண்டு. தங்களோடு இவ்வறையும் ஓய்வு பெறுகிறது. தாங்கள் நோய்நொடியின்றி, மனச்சுமையுமின்றி நெடுங்காலம் வாழ, உடன் உழைத்த உதவி ஆசிரியரும் ஆயாம்மாவும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

தாங்கள் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நேற்று அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது பின்பாட்டு வந்தாள். "டீச்சரைக் கூப்பிடட்டுமா தாயி?" என்றார் ஆயாம்மா. அவளோ தரையில் அமர்ந்து, தான் பார்க்காமல் தாண்டிய இரண்டாம் சுவரையே பார்த்திருந்தாள். பிறகு மூன்றாம் சுவருக்குத் திரும்பினாள். அதில் கசிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். கதவைக் கடந்து போனாள்.